நிறைகுடமும் தளும்பும்

2000-ஆம் ஆண்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பழைய மைதானம். ஒல்லியான பையன் ஒருவன் கையில் பீட்சா பெட்டியோடு படியில் இறங்கி வருகிறான். எதிரே அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட். பையன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறான்: "இந்த அணி இதுவரை எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது என்னை எடுத்ததுதான்."

கிராஃப்ட் பல தடவை சொல்லியிருக்கிற கதை இது. பையன் டாம் பிரேடி. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், அந்த வருஷம் 199-ஆவது ஆளாக, ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். குவாட்டர்பேக் என்றால் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்; அவருக்கு முன்னால் அப்படி ஆறு பேரை மற்ற அணிகள் எடுத்துவிட்டன. முதல் சீசன் முழுக்க அவர் வீசியது மூன்றே பந்து.

"நிறைகுடம் தளும்பாது" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்தப் படிக்கட்டில் நான் நின்றிருந்தால், வாய்க்கொழுப்பைப் பார் என்றுதான் நினைத்திருப்பேன். அந்தப் பையன் பிறகு சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஏழு தடவை ஜெயித்தார். அமெரிக்கக் கால்பந்தை வருஷக்கணக்கில் பார்த்த பிறகு, அந்தப் பழமொழியை வைத்து இந்த இளைஞர்களை எடைபோடுவதையே விட்டுவிட்டேன்.

காரணம் குவாட்டர்பேக் வேலை அப்படி. களத்தில் பதினோரு பேர். ஒவ்வொரு தடவை பந்தை எடுக்கும் முன்னால் மற்ற பத்துப் பேரும் குவாட்டர்பேக்கைச் சுற்றி நிற்பார்கள். அதில் சிலர் நூற்று நாற்பது கிலோ எடை உள்ளவர்கள், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள். ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். ஆனால் கடிகாரத்தில் பதினைந்து விநாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது, திட்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் தலையில்தான். அந்த நேரத்தில் குரல் கொஞ்சம் பிசிறினாலும் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வயதில் அந்த இடத்தில் நிற்கப் போகிறவன் "என்னால் முடியும்" என்று சத்தமாகச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லத் தயங்கினால்தான் கவலைப்படுவேன்.

அப்படியானால் பீற்றல் எது? பேச்சு எவ்வளவு பெரியது என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 1998 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கு இரண்டு பேர் போட்டி: டென்னசியின் பெய்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயான் லீஃப். மேனிங் அடக்கமானவர், லீஃப் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் இன்றைக்கு எல்லோரும் கதை சொல்கிறார்கள். ஆனால் அந்த மேனிங்தான் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் மேலாளர் பில் போலியனிடம், என்னை எடுக்காவிட்டால் திரும்பி வந்து உங்களை அடித்து நொறுக்குவேன் என்று சொன்னவர். போலியனே சொன்ன விஷயம் இது. லீஃப் சொன்னது என்ன? பதினைந்து வருஷம் ஆடுவேன், சூப்பர் பவுல் போவேன், சான் டியாகோ நகரத்தில் வெற்றி ஊர்வலம் வருவேன் என்றார். இரண்டையும் பெயரில்லாமல் எழுதிக் காட்டினால், மேனிங் பேச்சைத்தான் திமிர் என்பீர்கள்.

மேனிங்கை முதலாவதாகக் கோல்ட்ஸ் எடுத்தது. லீஃபை இரண்டாவதாகச் சான் டியாகோ சார்ஜர்ஸ் எடுத்தது. இருவருமே முதல் வருஷம் அடி வாங்கினார்கள். மேனிங் எதிரணி கையில் கொடுத்த பந்துகள் 28. அறிமுக வீரர்களில் இன்றுவரை அதுதான் மோசமான சாதனை. அணி 3 ஆட்டம் ஜெயித்து 13 தோற்றது. லீஃபுக்குக் கான்சஸ் சிட்டியில் ஒரு ஆட்டம்: 15 பந்து வீசி ஒன்றே ஒன்று தன் அணிக்காரர் கையில் சேர்ந்தது, மொத்தம் 4 யார்டு. யாருக்கும் வரக் கூடாத நாள் அது. அதற்கு மறுநாள் ஓய்வறையில் ஒரு நிருபர் மீது பாய்ந்து கத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் கோபம் பெரிதாகத் தெரியவில்லை, முகத்தில் இருந்த பயம்தான் தெரிந்தது. தோற்றுப் பழகாத ஒருவன், தோல்வியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான்.

மேனிங் அந்த 28 தவறுகளையும் சுமந்துகொண்டே அடுத்த வருஷம் வந்து 13 ஆட்டம் ஜெயித்தார். லீஃப் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்களில் மொத்தமாகவே 4 வெற்றி, 17 தோல்வி. பிறகு போதை, சிறை. அதிலிருந்து மீண்டு, இன்றைக்குத் தன் தவறுகளைத் தானே மேடையில் பேசுகிறார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: தன்னம்பிக்கை உள்ளவன் பெரிதாகப் பேசும்போது தன் தலையில் ஒரு கடனை ஏற்றிக்கொள்கிறான். பீற்றுகிறவன் அந்தக் கடனைக் கேட்டு யாராவது வந்தால் எரிந்து விழுகிறான். 2018-இல் ஜோஷ் ரோசன் என்ற குவாட்டர்பேக் பத்தாவதாக எடுக்கப்பட்டதும், எனக்கு முன்னால் ஒன்பது தவறு நடந்திருக்கிறது என்றார். ஒரே வருஷத்தில், எடுத்த அரிசோனா அணியே அவரை மயாமிக்கு மாற்றிவிட்டது. அடுத்தவரை மட்டம் தட்டியதால்தான் என்று சொல்ல ஆசை வருகிறது. ஆனால் சொல்ல முடியாது. 2005-இல் ஆரன் ராட்ஜர்ஸ் மணிக்கணக்காகக் காத்திருந்து 24-ஆவதாக எடுக்கப்பட்டபோது, முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு இருந்த 49-யர்ஸ் அணி எடுக்கவில்லையே, எவ்வளவு ஏமாற்றம் என்று கேட்டார்கள். என்னை எடுக்காததற்கு அவர்கள் படப்போகும் ஏமாற்றத்தைவிடக் குறைவுதான் என்றார். ரோசன் பேச்சுக்குக் கொஞ்சமும் குறையாத பேச்சு! பிறகு மூன்று வருஷம், தன் அணியின் மூத்த குவாட்டர்பேக் பிரெட் ஃபாவருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை கற்றார். அந்த மூன்று வருஷம்தான் அவர் கட்டிய கடன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கறுப்பின வீரன் பேசினால் ஆணவம், வெள்ளையன் பேசினால் துடிப்பு என்ற பார்வை இந்த ஆட்டத்தில் இன்னும் சாகவில்லை. 2011-இல் கறுப்பினக் குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் சிரிப்பே போலி என்று ஒரு டிராஃப்ட் மதிப்பீட்டில் எழுதினார்கள். ஒருவனுடைய சிரிப்பை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? அவர் முதல் ஆட்டத்திலேயே 422 யார்டு வீசினார். 2017-இல் வெள்ளையரான பேக்கர் மேஃபீல்ட், எதிரணியான ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானத்தின் நடுவில் தன் கல்லூரிக் கொடியை நட்டார், பிறகு மன்னிப்பும் கேட்டார். அடுத்த டிராஃப்டில் அவர்தான் முதல் ஆள்.

2025-இல் இன்னொரு கறுப்பினக் குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ், அணியின் பண்பாட்டை மாற்ற விருப்பம் இல்லையென்றால் என்னை எடுக்காதீர்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். முதல் சுற்று என்று பலரும் எதிர்பார்த்தவர் 144-ஆவது இடம்வரை சரிந்தார். பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருக்கிறார் என்ற ஆட்டக் குறையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லாத ஆட்கள் அவர் குணத்தைப் பற்றி வாரக்கணக்கில் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்திகள் என்னைக் கொதிக்க வைத்தன. டிராஃப்டுக்கு முந்தைய தேர்வு முகாமில் ஒரு அணி ஒரு வீரரை முறைப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் நேரம் சுமார் இருபது நிமிடம். அதில் யாருடைய குணம் தெரியும்?

அவர் குணம் வேறொரு இடத்தில் தெரிந்தது. காத்திருந்த இரண்டாம் நாள் ஒரு ஃபோன் வந்தது. ஓர் அணியின் மேலாளர் பேசுவதாகச் சொல்லி, இன்னும் கொஞ்சம் காத்திரு என்றது குரல். வேறோர் அணியின் பயிற்சியாளர் ஒருவரின் மகன் விளையாட்டுக்குச் செய்த அழைப்பு அது. வாழ்க்கையின் மிக மோசமான நாளில், குடும்பமே பார்த்துக்கொண்டிருக்க, உலகமே பார்க்கப் போகிற அவமானம். பிறகு அதைப் பற்றிக் கேட்டபோது ஷெடூர் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளைத்தனம், எல்லோரும் எப்போதாவது அப்படிச் செய்வதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.