குறுக்குப் பிணைப்பு கூடினால் புரோட்டான் கடத்தலும் கூடும் என்பது தவறு
அண்ணே, எரிபொருள் கலச் சவ்வில் (எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்தில் புரோட்டானைக் கடத்தும் பாலிமர்ப் படலம்) குறுக்குப் பிணைப்பை, அதாவது பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் வேதிப் பிணைப்பை, கூட்டக் கூட்ட புரோட்டான் கடத்தலும் கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. பிணைத்தால் சவ்வு தண்ணீரில் அவ்வளவாக உப்பாது, எரிபொருளான மெத்தனால் மறுபக்கம் கசிவதும் குறையும், அதுவரை சரி. ஆனால் புரோட்டான் ஓடுவதே சங்கிலிகளில் தொங்கும் சல்போனிக் அமிலத் தொகுதிகளைச் சுற்றி நிற்கும் தண்ணீர் வழியாகத்தான். சங்கிலிகளை இறுக்கிக் கட்டினால் அந்த வாய்க்கால்கள் ஒடுங்கிவிடும், பிணைப்புக்கு அந்தத் தொகுதிகளையே செலவழித்தால் இன்னும் மோசம்.

பினாங்கில் நான் படித்த ஆய்வுக்கூடத்தில் சல்போனேற்றிய (அதாவது அந்த அமிலத் தொகுதிகளை ஏற்றிய) பாலிஈதர் ஈதர் கீட்டோன் என்ற பிளாஸ்டிக் சவ்வை 80 டிகிரி தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிணைக்காத துண்டு கொழகொழவென்று ஆகி, இடுக்கியால் தூக்கவே முடியவில்லை. அளவாகப் பிணைத்தது அப்படியே நின்றது. அளவு மீறியது காய்ந்தபின் மடித்ததும் படக்கென்று உடைந்தது. நம் ரப்பர்ப் பால் கதையேதான்: சங்கிலிகளைப் பிணைக்கும் கந்தகத்தைக் கொஞ்சம் சேர்த்தால் டயர், 30 சதவிகிதம் போனால் கட்டை மாதிரி எபோனைட்.

அப்புறம், எரிபொருள் கலங்களில் பரவலாகப் பயன்படும் நாஃபியான் என்ற சவ்வின் வலுவுக்கும் குறுக்குப் பிணைப்புதான் காரணம் என்றீர்கள். வழக்கமான நாஃபியானில் அப்படி வேதிப் பிணைப்பு கிடையாது, டெஃப்லான் மாதிரியான சங்கிலியின் படிகப் பகுதிகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தயவுசெய்து அந்த வரியை மாற்றிவிடுங்கள், பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் பிராஜெக்ட் எழுதுகிறார்கள்.