"முதலில் அதை விட்டுவிட்டு வரட்டும்"

உறவுக்காரப் பையன் ஒருவனை, அவனுடைய 16ஆவது வயதில், மனநல ஆலோசனைக்கு அழைத்துச் சென்றோம். கஞ்சா புகைக்கிறான் என்று தெரிந்ததும், "முதலில் அதை விட்டுவிட்டு வரட்டும், மனச்சோர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். போதை மீட்பு மையத்திலோ, "மனநலத்துக்கு மருந்து தொடங்கிவிட்டு வாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இப்படி அலைந்ததிலேயே நான்கு மாதங்கள் கழிந்தன. அந்த நான்கு மாதங்களும் அவன் புகைத்துக்கொண்டுதான் இருந்தான்.

மனச்சோர்வுக்கா பழக்கத்துக்கா, எதற்கு முதலில் வைத்தியம் என்ற கேள்வியே தவறு என்பது என் கருத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கிறார். போதைப்பொருள் பெரும்பாலும் முதன்முதலாகக் கைக்கு வருவதும் இதே வயதில்தான். "பழக்கத்தால் கெட்டுப்போனான்" என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பலருக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் பழக்கத்துக்கு முன்பே இருந்திருக்கும். அப்போது அதற்குச் சோம்பல், திமிர் என்று வேறு பெயர்கள் வைத்திருப்போம்.

தாங்க முடியாத ஓர் உணர்வைத் தணிக்கும் பொருளைத்தான் ஒருவர் பற்றிக்கொள்கிறார் என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் முன்வைத்தார். எங்கள் பையனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான்: இரவு இரண்டு மணிக்குத் தலைக்குள் ஓயாமல் கேட்கும் "நீ எதற்கும் லாயக்கில்லை" என்ற புலம்பல், புகைத்தால் அரை மணி நேரமாவது அடங்குகிறதாம்.

ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிடவும் எனக்கு மனமில்லை, ஏனெனில் தணிக்க வந்த பொருளே சில மாதங்களில் புதிய வேதனையை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. வேப் எனும் மின்சிகரெட் இழுக்கும் பிள்ளைக்கு, நிக்கோட்டின் குறைந்த சில மணி நேரத்தில் எரிச்சலும் படபடப்பும் வருகின்றன. அடுத்த இழுப்பில் அவை அடங்கும்போது, நிக்கோட்டின் கிளப்பிவிட்ட படபடப்பை நிக்கோட்டினே தணித்தது என்பதை அறியாமல், இதுதான் தன் பதற்றத்துக்கு மருந்து என்று அது நம்பிவிடுகிறது. மது விரைவில் தூங்கவைத்துப் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வில், அதுவரை 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய், கஞ்சாவே புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்தபோது அந்த அளவு குறைந்தது என்றாலும் மறைந்துவிடவில்லை. ஆகவே "மனச்சோர்வு சரியானால் பழக்கம் தானாகப் போய்விடும்" என்று காத்திருப்பதும் அலட்சியமே.

(இடையில் ஒன்று: கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையே பிள்ளையைப் போதைக்குப் பழக்கிவிடும் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. அந்தச் சிகிச்சை பிற்காலப் போதைப் பழக்கத்தை அதிகரிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிகிச்சையே பெறாத பிள்ளைகளைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.)

பதின்வயதினரின் போதைப் பழக்கத்தை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் 'கிராஃப்ட்' என்ற சிறிய வினாத்தொகுப்பில், "மன இறுக்கம் தணியவோ, உன்னைப் பற்றி நல்லவிதமாக உணரவோ பயன்படுத்துகிறாயா?", "தனியாக இருக்கும்போது பயன்படுத்துகிறாயா?" என்ற பொருளில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை கிராம், யார் கொடுத்தார்கள், எப்போதிலிருந்து என்றெல்லாம் துருவிய நாங்கள் யாரும் இவ்விரண்டையும் அவனிடம் கேட்கவில்லை. ஐந்தாவது மாதத்தில் சந்தித்த ஒரு மருத்துவர்தான் கேட்டார். மாத்திரை, வாராந்திரப் பேச்சு, பழக்கத்தைக் குறைக்கும் திட்டம் மூன்றையும் ஒரே அறையில், ஒரே நாளில் தொடங்கினார்.

சென்ற மாதம் மறுபடியும் ஒருமுறை புகைத்துவிட்டதாக அவனே அவரிடம் சொல்லியிருக்கிறான். அதற்கு அவர் முதலில் கேட்டது, முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதைத்தானாம்.