“என்னைவிட்டு அகன்று போங்கள்” என்று இயேசு சொன்னது யாரைப் பார்த்து?

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற விசுவாசிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிரசங்க வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. மத்தேயு 7:23-இல் “அக்கிரமச் செய்கைக்காரரே, என்னைவிட்டு அகன்று போங்கள்” என்று இயேசு சொல்கிறார் அல்லவா? அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘அனோமியா’. ‘நோமோஸ்’ என்றால் மோசேயின் நியாயப்பிரமாணம், ‘அ’ சேர்ந்தால் அது இல்லாத நிலை. ஆகவே அந்தப் பிரமாணம் சொல்லும் சனிக்கிழமை ஓய்வுநாளை விட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதிக்கிறவர்களும், அது விலக்கிய பன்றிக்கறி, இறால், கணவாய் சாப்பிடுகிறவர்களும்தான் நியாயத்தீர்ப்பு நாளில் வெளியே தள்ளப்படுவார்கள். இதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

தேங்காப்பட்டணம் பக்கத்தில் மீன் விற்கிற ஒரு அக்கா இதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் தவிக்கிறார். நண்டும் இறாலும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லைப் பிரித்தது சரிதான். யூதர் ஒருவர் கிரேக்கத்தில் ‘நோமோஸ்’ என்று சொன்னால் பெரும்பாலும் தோராவைத்தான், அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தைத்தான் நினைத்திருப்பார். நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று இயேசுவே மத்தேயு 5-இல் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறவர்களோடும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது, அதைப் பிரித்துப் பார்ப்பதோடு முடிந்துவிடாது. அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்கியது, யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரும்பாலும் கையாண்ட பழைய ஏற்பாடு, செப்துவஜிந்த் எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பு. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்தது. ஆதியாகமம் 19:15-இல், அழியப்போகிற சோதோம் ஊரை விட்டு வெளியேறும்படி லோத்தைத் தூதர்கள் அவசரப்படுத்துகிறார்களே, அங்கே அந்த மொழிபெயர்ப்பு சோதோமின் ‘அனோமியா’க்களோடு நீயும் அழிந்துபோகாதே என்கிறது. யோசித்துப் பாருங்கள். நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கு இன்னும் பல தலைமுறை இருக்கிறது. மோசே பிறக்கவே இல்லை. சோதோமுக்கு யாரும் தோரா கொடுக்கவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஊரில் அனோமியா இருந்தது.

அது என்ன என்று எசேக்கியேல் 16:49 சொல்கிறது. கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து வந்த சொல்தான் அங்கேயும். நம் வேதாகமத்தில் அந்த வசனம் கெர்வம், ஆகாரத்திரட்சி என்று தொடங்கி, “சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை” என்று முடிகிறது. வயிறு நிறையச் சாப்பாடு இருந்தும் பக்கத்தில் இருந்த ஏழைக்குக் கை கொடுக்காத ஊர். அதைத்தான் தீர்க்கதரிசி சோதோமின் அக்கிரமம் என்றார்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். “என்னைவிட்டு அகன்று போங்கள்” என்பது இயேசு புதிதாகச் சொன்ன வார்த்தை இல்லை. 6-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. “அக்கிரமக்காரரே, நீங்கள் எல்லாரும் என்னைவிட்டு அகன்றுபோங்கள், கர்த்தர் என் அழுகையின் சத்தத்தைக் கேட்டார்.” கிரேக்கச் சங்கீதத்திலும் அங்கே இருப்பது அனோமியாதான். அந்தச் சங்கீதத்தில் பேசுகிறவன் யார்? எலும்புகள் நடுங்க, இராமுழுவதும் கண்ணீரால் படுக்கையை நனைக்கிறவன். தன்னை வதைக்கிறவர்களைப் பார்த்து அவன் கதறிய கதறல் அது. கடைசி நாளில் நியாயாதிபதியாக நிற்கும்போது இயேசு அந்தக் கதறலையே எடுத்துப் பேசுகிறார். அதாவது, பாதிக்கப்பட்டவனின் இடத்தில் நின்று பேசுகிறார். அந்த வசனத்தை எடுத்து, நண்டு விற்றுப் பிழைக்கிற ஒரு ஏழைப் பெண்ணை மிரட்டுவது எந்த ஊர் நியாயம்?

மத்தேயு 7-ஐயே முழுதாக வாசியுங்கள். 22-ஆம் வசனத்தில் வந்து நிற்கிறவர்கள் சாதாரண சபையார் இல்லை. உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். மேடையில் இருக்கிறவர்கள், போஸ்டரில் படம் வருகிறவர்கள். 15-ஆம் வசனத்தில் ஆட்டுத்தோலைப் போர்த்திய ஓநாய்களைப் பற்றி எச்சரித்துவிட்டுத்தான் இங்கே வருகிறார். 12-ஆம் வசனத்தில், மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள், “இதுவே நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களுமாம்” என்று நோமோஸ் என்றால் என்னவென்று அவரே சொல்லிவிட்டார். பதினொரு வசனம் தள்ளி ‘நோமோஸ் இல்லாதவர்கள்’ என்கிறார். இடையில் பன்றிக்கறி எங்கிருந்து வந்தது?

லூக்கா 13:27-இல் இயேசுவின் இதே பேச்சு வருகிறது. ஆனால் லூக்கா அனோமியா என்று எழுதவில்லை. ‘அதிகியா’ என்று எழுதுகிறார், அதாவது அநியாயம். ஆதித் திருச்சபை இந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நான்கு சுவிசேஷங்களில் மத்தேயு மட்டும்தான் அனோமியாவைப் பயன்படுத்துகிறார், நான்கு இடங்களில். அதில் 23:28 பரிசேயரைப் பார்த்துச் சொன்னது: வெளியே நீதிமான்கள், உள்ளத்தில் மாயமும் அக்கிரமமும். தோராவை மிகக் கறாராகக் கைக்கொண்டவர்கள் அவர்கள். வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்தவர்கள். ஓய்வுநாளும் உணவுச் சட்டமும் துளி பிசகாதவர்கள். அவர்கள் உள்ளே அனோமியா நிறைந்திருக்கிறது என்கிறார். நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் அவர் சொன்ன குற்றம். அடுத்து 24:12: “அக்கிரமம் மிகுதியாவதினால் அநேகருடைய அன்பு தணிந்துபோம்.” அனோமியா கூடினால் குறைவது அன்பு என்கிறார்.

நம் ரப்பர் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். பால் வெட்டுகிற தொழிலாளிக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. மழை தொடங்கினால் வெட்டும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. ஆனால் முதலாளியின் தசமபாகம் மட்டும் பைசா சுத்தமாக சபைக்கு வந்துவிடும். எல்லா முதலாளிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு உபவாசக் கூட்டத்தில் முன்வரிசை. அவருக்குப் பால் வெட்டுகிறவரின் பேர்கூடச் சபையில் யாருக்கும் தெரியாது. மத்தேயு 23 வாசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் என் கண்முன் வருகிறார்கள்.

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே அனோமியா செய்ய முடியும் என்பதை நம் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அதற்கு முன் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று 1829-இல் அரசாங்கமே பிரகடனம் போட்டது. சந்தையில் பெண்களின் சீலையைப் பிடித்துக் கிழித்தவர்கள் சட்டத்தின் பக்கம் நின்றவர்கள். மானத்தை மூடிக்கொண்ட நம் பாட்டிமார்தான் சட்டத்தை மீறியவர்கள். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தச் சந்தையில் அனோமியா செய்தவர் யார்? சட்டப் புத்தகத்தைக் கேட்டால் அந்தப் பெண்களைக் காட்டும். 6-ஆம் சங்கீதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லைக்காரர்களான நமக்கு ஒரு வசதி உண்டு. பாறசாலையில் இருக்கிற என் சித்தி வீட்டில் மலையாள வேதபுஸ்தகம் இருக்கிறது, 1910-இல் வந்த மொழிபெயர்ப்பு. 1 யோவான் 3:4-ஐ நம் தமிழ் வேதாகமம் “நியாயப்பிரமாணத்தை மீறுகிறதே பாவம்” என்கிறது. வீடியோ பேசுகிறவர் இரண்டாவதாகப் பிடித்துக்கொள்கிற வசனம் இதுதான். மலையாளத்தில் அதே வசனம் “பாபம் அதர்மம் தன்னே” என்று இருக்கிறது. மத்தேயு 7:23-லும் 24:12-லும் மலையாளம் அதே ‘அதர்மம்’தான். தமிழில் ஓரிடத்தில் அக்கிரமம், இன்னோரிடத்தில் நியாயப்பிரமாண மீறல் என்று பிரிந்துவிட்டதால், யோவான் மோசேயின் கட்டளைகளைப் பற்றிப் பேசுகிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் யோவானின் மூன்று நிருபங்களிலும் ‘நோமோஸ்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே போனால், ஆஸ்தி உடையவன் சகோதரனுடைய குறைச்சலைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால் தேவ அன்பு அவனுக்குள் எப்படி நிலைகொள்ளும் என்று கேட்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பை நான் குறை சொல்லவில்லை. அந்த வேதாகமத்தைத்தான் தினமும் வாசிக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க நமக்கு முடியும், வாசிப்போமே என்கிறேன்.

இன்னொரு கூட்டமும் உண்டு. கிருபை வந்தாயிற்று, இனி எப்படி நடந்தாலும் பரவாயில்லை என்று போதிக்கிறவர்கள். ரோமர் 6:19-ஐ வாசியுங்கள். உங்கள் அவயவங்களை அக்கிரமத்துக்கு அடிமைகளாக ஒப்புக்கொடுத்தது முன்பு, இப்போது நீதிக்கு ஒப்புக்கொடுங்கள் என்கிறார் பவுல். இவர்களுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. 2 தெசலோனிக்கேயர் 2-இல், கடைசிக் காலத்தில் வெளிப்படுவான் என்று சொல்லப்படுகிற அக்கிரமக்காரன் யார் என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு பெயர் சொல்லும் ஆராய்ச்சிக்குள்ளும் நான் போகவில்லை.

தோராவுக்கு வெளியே இருக்கிறவர் என்ற நேரடிப் பொருளில் அந்தச் சொல் வருகிற இடமும் இல்லாமல் இல்லை. 1 கொரிந்தியர் 9:21-இல் பவுல், நியாயப்பிரமாணமில்லாதவர்களை ஆதாயப்படுத்த, அவர்களுக்கு நியாயப்பிரமாணமில்லாதவனைப் போல ஆனேன் என்கிறார். கிரேக்கத்தில் அங்கே ‘அனோமோஸ்’. அவர்களைத் துரத்தவில்லை, அவர்களில் ஒருவரைப் போல அவர்களிடம் போனார். கெத்செமனேக்குப் புறப்படும் முன் இயேசுவும் “அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டார்” என்ற ஏசாயாவின் வாக்கியம் தம்மில் நிறைவேற வேண்டும் என்றார். லூக்கா 22:37. அங்கேயும் அதே சொல். நியாயப்பிரமாணம் கற்றவர்கள் ஆலோசனைசங்கத்தில் உட்கார்ந்து அவரை அந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

அந்த அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டியது கொலோசெயர் 2:16. போஜனத்தையும் ஓய்வுநாட்களையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக. அவர் அதைத் தன் வேதாகமத்தில் பேனாவால் அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

வீடியோவை அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கன்வென்ஷனில் 7:23-ஐப் பிரசங்கிக்கிறவர், 12-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கட்டும். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கட்டியவர், சமையலுக்கு வந்த பெண்கள், எல்லாருக்கும் கூலி கொடுத்தாயிற்றா என்று மேடை ஏறும் முன் கமிட்டியிடம் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்.