தெர்மாகோல் கோணலைச் சரிசெய்யாது

“மீன்தொட்டிக்கு மர ஸ்டாண்டு செய்யும்போது கொஞ்சம் கோணலானாலும் பரவாயில்லை, மேலே தெர்மாகோல் போட்டால் சரியாகிவிடும்” என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தவறு. தெர்மாகோல் மணல், ஆணித்தலை மாதிரி சின்ன மேடுகளைத்தான் தாங்கும், பலகை முறுக்கியிருந்தால் தொட்டியும் முறுக்கப்பட்டு கண்ணாடியோ சிலிகான் ஒட்டோ விட்டுப்போகும்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 255 கிலோ, கல்லும் கண்ணாடியும் தனி. அந்த எடை திருகாணியில் தொங்கக்கூடாது, மேல்சட்டம் நேராகக் கால்மரத்தின் தலையில் உட்காரவேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் கால்களுக்கு அடியில் ஆப்பு கொடுங்கள். அப்புறம், அடியில் பிளாஸ்டிக் விளிம்பு உள்ள தொட்டிக்குத் தெர்மாகோலே வேண்டாம், விளிம்புதான் எடையைத் தாங்கவேண்டும்.