கொரங்காடு தரிசு அல்ல

“காங்கேயம் பக்கத்துக் கொரங்காடெல்லாம் வெறும் தரிசு, மாடு மேய்ந்தே பாழாகிவிட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கொரங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். கிளுவை என்ற முள்செடியால் வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்த்துப் பராமரிக்கிற மேய்ச்சல் காடு அது. ஒரு காட்டில் புல் தேய்ந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். வெள்வேலங்காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணம், புழுக்கையோடு விதையும் விழுந்து முளைக்கும். கொரங்காடு சுருங்கியதற்கு வீட்டுமனை, ஆலை, மாடு வளர்ப்பு குறைந்தது என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. பழியை மட்டும் மாட்டின் மேல் போடுகிறோம்! சரி, மீட்க முடியாதா? மழைக்கு முன் உழுது புல் விதை தூவி, வேர் பிடிக்கும்வரை மேய்ச்சலை நிறுத்தினால் புல் வந்துவிடும். வேலிக்குக் கம்பி வேண்டாம், கிளுவைப் போத்தை, அதாவது கிளையை, வெட்டி நட்டாலே தழைக்கும்.