யாருடைய சுதந்திரம்?

கருக்கலைப்பு பெண்ணின் தனிப்பட்ட சுதந்திரம், திருச்சபை அதில் தலையிடக் கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப்பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். கருவும் உயிர்தான் என்று நம்புகிறவள், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் ‘சுதந்திரம்’தான் எனக்கு இடிக்கிறது.

என் பெரியம்மா மகளுக்கு மூன்றாவது கரு. ரப்பர் பால் வெட்டித்தான் குடும்பம் ஓடியது. வேண்டாம் என்று முடிவெடுத்தது மாமியார். ஆஸ்பத்திரியில் கேட்டது அத்தானுடைய கையெழுத்தை. 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி வயதுவந்த பெண்ணின் சம்மதம் போதும், அது இல்லாமல் செய்யவே கூடாது. அக்காவிடம் யார் கேட்டார்கள்? அவள் பாட்டுக்கு அடுப்பங்கரையில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) வருவதையே விட்டுவிட்டாள். அவளைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் மாமியாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. (அந்த அம்மா பூசையில் எப்போதும் முதல் வரிசை.) கருக்கலைப்பு என்ற பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகவே கொடுத்துவிட்டார். எங்கள் பங்குக் கோயிலில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் சொல்லித்தான் அக்காவுக்கே தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனாள்.