கோதுமைக் கப்பலும் புத்தகக் கட்டும்

2025 ஜூலையில் அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் அமைப்பான யுஎஸ்எய்டை இழுத்து மூடியதும், "இனி உலகத்தில் அமெரிக்காவின் செல்வாக்கு போய்விடும்" என்று பலரும் எழுதினார்கள். உதவி செய்தாலே செல்வாக்கு வந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பி.எல்.480 கோதுமையின் கதையைப் பாருங்கள்.

மிதமிஞ்சி விளைந்த தானியத்தை, வாங்கும் நாட்டின் பணத்துக்கே விற்பதற்காக 1954-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம்தான் பி.எல்.480. 1965-ல் இங்கே மழை பொய்த்தது. அந்தச் சட்டப்படி கோதுமை வாங்க நாம் போட்டிருந்த பழைய ஒப்பந்தமும் அந்த வருடமே முடிந்தது. ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்து, தவணை தவணையாகத்தான் கப்பலை விட்டார். இந்தியா விவசாயத்தைக் கவனிக்கட்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை நாம் விமர்சித்தது இன்னொன்று. அடுத்த கப்பல் வருமா என்று டெல்லி கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அந்தக் கோதுமை பல உயிர்களைக் காப்பாற்றியது. மறுத்தால் அது நன்றிகெட்டதனம். ஆனால் அது விட்டுப்போனது நட்பை அல்ல, வைராக்கியத்தை. அன்றைய உணவு அமைச்சர் நம் சி.சுப்பிரமணியம், 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை இறக்கினார். இனி யாரிடமும் கையேந்தக் கூடாது என்பதுதான் அன்றைக்கு நாடு முழுக்க இருந்த எண்ணம். (அந்த விதையை உருவாக்கிய நார்மன் போர்லாக்கும் அமெரிக்கர்தான். அவரை இங்கே இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறோம்.)

அதே சட்டத்தால் இன்னொன்றும் நடந்தது. கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் இங்கேயே மலையாகக் குவிந்தது. அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நாவல், கவிதை, இலக்கண உரை என்று தமிழும் கட்டுக்கட்டாகப் போனது. சிகாகோ போன்ற இடங்களில் தமிழ்த் தொகுப்பு வளர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். எந்தப் போரை ஆதரிக்கிறாய் என்று யாரும் நம் எழுத்தாளர்களைக் கேட்கவில்லை. தமிழ் படித்த அமெரிக்கர்கள் உருவானார்கள். அந்த உறவு இன்றும் அறுபடவில்லை.

இப்போது நாமும் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். 2022-ல் இலங்கை திணறியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. மிக நல்ல காரியம். ஆனால் மீனவர் பிரச்சினை வரும்போதெல்லாம் "நாம் போட்ட சோறு" என்று சொல்லிக்காட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. மீனவர்களுக்காகப் பேசுங்கள், நியாயத்தை வைத்துப் பேசுங்கள். கொடுத்த கடனை வைத்துப் பேசாதீர்கள். டெல்லிக்கும் இதையே சொல்வேன்: இலங்கைப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்க இன்னும் நிறைய உதவித்தொகை கொடுங்கள், பதிலுக்கு எதையும் கேட்காதீர்கள்.